சூடு தாங்கும் விசிறி

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு எதிரே உயர்வெப்ப உலோகக்கலவை மேம்பாட்டு மையம் என்று ஒன்று வேண்டும் என ஊரில் யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்காமல் வருவதெல்லாம் கொஞ்ச நாளில் தானாகப் போய்விடும் என்று பேட்டைக்காரர்கள் நினைத்தார்கள். மையம் போகவில்லை. முதலில் மதில் சுவர் எழும்பியது. அப்புறம் மதிலுக்குக் காவலாளி, காவலாளியைக் கண்காணிக்கக் கேமரா, கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள், அந்த ஆளுக்கு வேர்க்காமல் இருக்க ஏசி. அறைக்கு அறை ஏசி மாட்டி முடித்த பிறகுதான், இது வெப்பம் சம்பந்தப்பட்ட அலுவலகம் என்று யாருக்கோ ஞாபகம் வந்து ஒரு மின் உலையை வாங்கிப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் வைத்தார்கள்.

எதிர்வரிசையில் பியூஸ் கட்டை செய்யும் சின்ன யூனிட் வைத்திருந்த பரக்கத்துல்லாவுக்கு இதில் எந்த அக்கறையும் இல்லை. குவைத்தில் ஒரு ரொட்டிக் கடை அடுப்படியில் இளமையைக் கரைத்துவிட்டு வந்தவர் அவர். சூடு என்றால் என்ன என்று யாரும் அவருக்கு மையம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்கு இருந்த தொல்லை வேறு, அது ஒரு விசிறி.

சூளையில் வீணாகப் போகும் சூட்டுக்காற்றை இழுத்து, இன்னும் சுடாத பச்சைக் கட்டைகளைக் காயப்போடும் அறைக்குத் தள்ளுகிற விசிறி அது. இரும்பில் போட்டால் கனம் தாங்காமல் மோட்டார் புகைந்துவிடும். அலுமினியத்தில் போட்டால் லேசாக ஓடும், ஆனால் சூடு ஏற ஏற உலோகம் தளர்ந்து, ஒருநாள் இறக்கை பிய்த்துக்கொண்டு பறக்கும். இரண்டு தடவை பறந்துவிட்டது. இரண்டாவது தடவை, தட்டு அடுக்கிக்கொண்டிருந்த மகேஸ்வரியின் காதோரமாகப் போய்ச் சுவரில் செருகி நின்றது.

மகேஸ்வரி அந்த யூனிட்டில் மூத்த கை. அவள் கத்தவில்லை, அழவில்லை. சுவரில் நின்ற இறக்கையைப் பிடுங்கிக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"பாய், ரெண்டாச்சு. மூணாவது என் தலைக்குத்தான். பாத்துக்குங்க."

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு அலுமினியக் குண்டானைக் கொண்டுவந்து, தலையில் கவிழ்த்து, தாவாங்கட்டையோடு முந்தானையால் கட்டிக்கொண்டு வேலைக்கு நின்றாள். பேட்டையே சிரித்தது. பரக்கத்துல்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சூளையை நிறுத்தலாம் என்றால் அந்த யூனிட்டை நம்பியிருப்பவர்களில் அவளும் ஒருத்தி. அவளே வேண்டாம் என்றுவிட்டாள். "பழைய மாதிரியே ஒண்ணப் போட்டு மெதுவா வுட்டு ஓட்டுங்க பாய். சீக்கிரம் நல்ல ஃபேனா வாங்கியாங்க."

"சூடு தாங்குற உலோகம் பண்றோம்னு எதிர்ல இம்மாம் பெரிய போர்டு வச்சிருக்கானே, அங்க போயி கேட்டாதான் என்ன?" என்று வீட்டில் கமருன்னிசா கேட்டாள். பரக்கத்துல்லாவின் மனைவிக்குப் போர்டில் எழுதியிருப்பதை அப்படியே நம்பும் வழக்கம் உண்டு.

அவரும் நம்பிப் போனார்.

நிர்வாக அலுவலர் விருத்தகிரி அவரை உட்காரச் சொல்லவில்லை. "எங்கேருந்து வரீங்க?"

"எதிர்த்தாப்புலதாங்க. அதோ, அந்த நீலக் கதவு."

விருத்தகிரியின் முகம் வாடிவிட்டது. "எதிர்ல இருக்கறவங்க வர வழியே இல்லியே பாய். தொலைதூரப் பயனாளிகளுக்குன்னுதான் திட்டமே. நீங்க பாட்டுக்கு ரோட்டக் கடந்து வந்துட்டீங்கன்னா தொலைதூரத்துக்கு நான் எங்க போறது? வேற ஊரு எதுவும் கெடையாதா ஒங்களுக்கு?"

"மாமியா வூடு சேத்தியாத்தோப்புங்க."

"அப்புடி சொல்லுங்க!" என்று மலர்ந்தார் விருத்தகிரி. அந்த நிமிடம் முதல் பரக்கத்துல்லா சேத்தியாத்தோப்பிலிருந்து வெள்ளாற்றைக் கடந்து மையத்தை நாடி வந்த பயனாளி ஆனார். ரோட்டைக் கடந்து வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போதெல்லாம், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

அந்தக் கட்டடம் முழுக்க வேலை செய்த ஒரே ஆள் கார்முகில். ஒப்பந்தத்தில் இருந்த ஆராய்ச்சியாளர். ஒப்பந்தக்காரர்களுக்கு ஏசி கிடையாது என்பதால் அவளை உலை இருந்த தகரக் கொட்டகையிலேயே உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பிய்ந்த இறக்கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பரக்கத்துல்லாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"அலுமினியத்துல கொஞ்சம் செம்பு கலந்து பக்குவமா சூடு காட்டினா, உள்ள கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்ன சில்லா செம்பு பிரிஞ்சு நிக்கும் பாய். அந்தச் சில்லுங்கதான் உலோகத்த வளையாம புடிச்சிக்கிட்டு இருக்கறது. ஆனா ரொம்ப நேரம் சூட்டுலயே கெடந்தா, சின்ன சில்லெல்லாம் கரைஞ்சிடும். கரைஞ்சத பெரிய சில்லுங்க தின்னு கொழுத்துடும். கடைசியில நாலஞ்சு தடியனுங்கதான் மிச்சம். அதுங்களால எதையும் தாங்க முடியாது."

"அப்ப என்ன பண்றது?"

"கொஞ்சம் மாங்கனீசும் ஒரு சிட்டிகை சிர்க்கோனியமும் சேத்தா, அது போயி அந்தச் சில்லுங்களோட ஓரத்துல ஒக்காந்துக்கும். பெருசு கொழுக்க முடியாது. சின்னது பொழைச்சிக்கும். சூட்டுலயும் வலுவு போவாது."

பரக்கத்துல்லா ஏசி கட்டடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, இந்த சிர்க்கோனியத்த ஆபீஸுங்களுக்குப் போட முடியாதா?"

கார்முகில் சிரித்தாள். சிரித்துவிட்டு, கதவுப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள்.

அவளே மணல் அச்சில் வார்த்து விசிறியைச் செய்தாள். கூடவே சோதனைக்குச் சில கம்பிகளும் வார்த்தாள். விசிறியில் இருக்கிற அதே உலோகம் வாரக்கணக்கில் இடைவிடாமல் சூட்டில் கிடந்து, அதன் பிறகும் வலுவாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அங்கேதான் வந்தது வினை. மாலையானால் அலுவலகம் மூடும், மூடும்போது உலையை அணைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கும் அணைக்க வேண்டும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாம் உலைக்கும் விடுமுறை.

"என்னங்க இது, சூளைக்கு ஏதுங்க சாப்பாட்டு நேரம்?" என்று பரக்கத்துல்லா விருத்தகிரியிடம் போய்க் கேட்டார். பேட்டையில் ஒரு சூளையைப் பற்றவைத்தால் வீட்டில் சாவே விழுந்தாலும் நடுவில் அணைக்க மாட்டார்கள்.

விருத்தகிரி பொறுமையாக விளக்கினார். "இடைவிடாமன்னா அலுவலக நேரத்துல இடைவிடாமன்னு அர்த்தம் பாய். நான் இருபத்தாறு வருஷமா இடைவிடாம சர்வீஸ்ல இருக்கேன். அதுக்காக சாயங்காலம் வூட்டுக்குப் போறதில்லியா? ஞாயித்துக்கிழமை கறி எடுக்கறதில்லியா?"

பரக்கத்துல்லா திரும்பி வந்துவிட்டார். கார்முகில் மட்டும் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்தாள். பாதிக் கம்பிகளை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்து, பரக்கத்துல்லாவின் சூளைப் புகைபோக்கிக் குழாயில் கட்டித் தொங்கவிட்டாள். அவை அங்கே ராப்பகலாகச் சூட்டில் வெந்தன. எடுத்துச் சோதித்தபோது ஒரு கம்பிகூடத் தளரவில்லை. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மகேஸ்வரி குண்டானைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

ஆனால் பரக்கத்துல்லாவின் சூளை அங்கீகரிக்கப்பட்ட சூளை இல்லை. அதன் சூடும் அங்கீகரிக்கப்பட்ட சூடு இல்லை. ஆகவே மையம் தன் உலையைக் காலையில் ஏற்றி, மதியம் இறக்கி, சாப்பிட்டுவிட்டு ஏற்றி, மாலையில் இறக்கித் தன் சோதனையை நடத்திக்கொண்டே போனது. செய்து முடித்த விசிறி கொட்டகையில் சும்மா கிடந்தது. எதிரே மகேஸ்வரி குண்டானோடு நின்றுகொண்டிருந்தாள்.

இந்த நேரம் பார்த்து டெல்லியிலிருந்து உயர்மட்டக் குழு வந்தது. குழுவின் தலைவர் உலைக்குள் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "செவப்பாவே இல்லையே?"

அலுமினியம் அந்தச் சூட்டில் சிவக்காது, சிவக்கும் முன்பே உருகிவிடும் என்று கார்முகில் சொல்ல வாயெடுத்தாள். இயக்குநர் முனைவர் வளவன் அவளை முந்திக்கொண்டார். "சிவப்பு அடுத்த கட்டத்தில் திட்டமிடப்பட்டிருக்கிறது ஐயா." மறுநாள் காலைக்குள் உலைக்குப் பின்னால் சிவப்பு பல்பு ஒன்று மாட்டப்பட்டது. குழுத்தலைவர் பார்த்து, "இப்பதான் சூடு மாதிரி இருக்குது" என்று பாராட்டினார். பிறகு விசிறியைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். உலைக்குள் இருந்தது கம்பிகள்தான், விசிறி இல்லை. இருந்தாலும் தொட்டுப்பார்க்கும் நிகழ்ச்சிக்காக உலையே அணைக்கப்பட்டது. தொட்டார், தலையை ஆட்டினார். சோதனை வெற்றி என்று அங்கேயே அறிவித்துவிட்டார்கள்.

வெற்றியின் சூட்டில் மையம் வேகமாக மாறியது. உயர்வெப்ப இணை இயக்குநர் என்று ஒருவர் வந்தார். அவருக்குத் துணையாக உயர்வெப்ப ஒருங்கிணைப்பாளர் வந்தார். இருவருக்கும் இடம் வேண்டும் என்று கார்முகிலின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் விடப்பட்டது. காவலாளியும் போனார். கேமரா இருந்தது.

கார்முகில் கிளம்பும்போது நீலக் கதவுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். "விழாவுல ஒங்க ஃபேன ஒங்க கையிலயே குடுக்கறாங்களாம் பாய். வாங்கினதும் மாட்டிடுங்க. நல்ல ஃபேனு அது. நான் கியாரண்டி." திட்டக்குடி பஸ்ஸைப் பிடிக்க அவள் வெயிலில் நடந்து போவதை மகேஸ்வரி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒருநாள் விழா நடந்தது. பரக்கத்துல்லா புதுச் சட்டை போட்டுக்கொண்டு யூனிட்டுக்குப் போனார். "இன்னிக்கி சாயங்காலம் புது ஃபேன மாட்டிடலாம் மகேஸ்வரி. இன்ஷா அல்லா, நாளையிலேருந்து குண்டான சோறாக்க எடுத்துக்க."

"இன்னிக்கி ஒரு நாளுதான பாய். இந்த லோடு காஞ்சாதான் லாரிக்கு ஏத்த முடியும். நான் பாத்துக்கறேன், போயிட்டு வாங்க."

விழா அரங்கில் ஏசி காற்று எலும்பைக் கடித்தது. முன்வரிசையில் இருந்தவர்களுக்குச் சால்வை போர்த்தியது மரியாதைக்கா குளிருக்கா என்று தெரியவில்லை. இயக்குநர் வளவன் பேச எழுந்தார்.

"வெப்பம் என்றால் என்ன என்பதை அனுபவித்து அறிந்தவன் நான். சென்ற மாதம் என் அறையின் ஏசி அரைநாள் வேலை செய்யவில்லை. அந்த அரைநாளில்தான் இந்த ஆராய்ச்சி எவ்வளவு அவசியம் என்பதை என் உடல் உணர்ந்தது. உடனே வெப்பத்தை ஆராய நானும் இணை இயக்குநரும் பின்லாந்து சென்றோம். ஏன் பின்லாந்து என்று சிலர் கேட்கிறார்கள். வெப்பத்தை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறோமோ, அவ்வளவு நடுநிலையாக அதை ஆராய முடியும். இந்த விசிறியை உருவாக்கியது தனிமனிதர் யாரும் அல்ல. அப்படி ஒருவர் இருந்தார், அவரையும் நீக்கிவிட்டோம். இது ஒரு நிறுவனத்தின் கூட்டு வெற்றி!"

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. பரக்கத்துல்லாவும் தட்டினார். தட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்துவிட்டு மடியில் இறக்கி வைத்துக்கொண்டார்.

"சேத்தியாத்தோப்பிலிருந்து நெடுந்தொலைவு பயணித்து வந்திருக்கும் பயனாளி பரக்கத்துல்லா அவர்கள் விசிறியைப் பெற்றுக்கொள்ள மேடைக்கு வருகிறார்" என்று ஒலிபெருக்கி சொன்னது. மேடையில் அவரிடம் ஆளுயர விசிறி ஒன்றைக் கொடுத்தார்கள். அது பஞ்சுபோல் லேசாக இருந்தது. தெர்மக்கோலில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டியிருந்தார்கள். ஃபோட்டோ எடுத்தார்கள், இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள்.

இறங்கியதும் விருத்தகிரியைப் பிடித்துக்கொண்டார். "சார், நெஜ ஃபேனு?"

"அது வரவேற்பறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சாச்சு பாய். இனிமே அது மையத்தோட பெருமை. அதப் போயி ஒங்க சூளையில மாட்டி சூடு பட வைக்க முடியுமா? ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. செஞ்ச பொண்ணும் இப்ப இல்ல."

"சூடு படறதுக்குதான சார் அத செஞ்சது?"

விருத்தகிரி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். அதற்குள் பரக்கத்துல்லாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. கமருன்னிசா.

"என்னங்க, சீக்கிரம் வாங்க. ஃபேனு ஒடைஞ்சிடுச்சு. மகேஸ்வரிய ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க. ஒரே ரத்தமா இருக்குதுங்க."

இறக்கை முதலில் தலையில்தான் அடித்தது. குண்டான் நசுங்கித் தலையைக் காப்பாற்றிவிட்டது. தெறித்துத் திரும்பிய இறக்கை வலது கையில் விழுந்தது. கைக்குக் கவிழ்க்கக் குண்டான் எதுவும் இல்லை. இங்கே கட்டுப்போட்டுப் பாண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் கட்டிலோரம் போய் நின்ற பரக்கத்துல்லாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகேஸ்வரிதான் பேசினாள்.

"லோடு என்னாச்சு பாய்?"

"அத வுடும்மா."

"வுட்டா எப்புடி? என் எடத்துல அருக்காணிய நிக்க வைப்பீங்க. அவ பச்சப்புள்ளக்காரி. அவகிட்ட குண்டான்கூட இல்ல பாய்."

அவர் அங்கிருந்து கிளம்பினார். பஸ் பிடித்து விருத்தாசலம் வந்தார். யூனிட்டில் கிடந்த உடைந்த இறக்கையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.

வரவேற்பறையில் இயக்குநர் வளவன், விருத்தகிரி, புதிதாக வந்த இருவர் எல்லாரும் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். வெள்ளை வெல்வெட் துணிமேல் கார்முகிலின் விசிறி பளபளத்தது. அதற்கு மாலை போட்டிருந்தார்கள். மாலை வைப்பதற்காகப் பெட்டியின் கதவு திறந்திருந்தது. பரக்கத்துல்லா சாக்கைப் பிரித்து இறக்கையை மேசைமேல் போட்டார். அதில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"பாருங்க" என்றார்.

வளவன் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி பரவியது. "அருமை! மிஸ்டர் பரக்கத்துல்லா, நாங்கள் ஒப்பீட்டுக்குத் தோல்வியடைந்த ஒரு மாதிரி கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தோம். பழைய கலவை, புதிய கலவை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்க்கிறவர்களுக்கு உடனே விளங்கும். விருத்தகிரி, இதைத் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள். இந்தக் கறை போகும் அல்லவா?"

"ஸ்பிரிட் போட்டா போயிடும் சார்" என்றார் விருத்தகிரி. கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டே இறக்கையை ஒரு விரலால் புரட்டினார்.

பரக்கத்துல்லா அந்த விரலைப் பார்த்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகிய மீன் கூடைக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்ட மாதிரி, அங்கிருந்து போனால் போதும் என்று இருந்தது. கண்ணாடிப் பெட்டிப் பக்கம் போனார். மாலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, விசிறியை இரண்டு கையாலும் பிடித்தார். ஐஸ் மாதிரி குளிர்ந்து கிடந்தது.

"ஐயோ, தொடாதீங்க பாய்!" என்று விருத்தகிரி அலறினார். "கைச்சூடு பட்டா கெட்டுப்போயிடும்!"

பரக்கத்துல்லா விசிறியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வெளியே இறங்கி நீலக் கதவை நோக்கி நடந்தார். பிடி, விடாதே என்று கத்திக்கொண்டு இயக்குநர் முதல் ஒருங்கிணைப்பாளர் வரை எல்லாரும் வாசல் வரை ஓடி வந்தார்கள். வெளியே கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒருவரும் படி இறங்கவில்லை.